கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் 'மனமே' நாடகம்

மேடையில் ஒரு மரம்கூட இல்லை. இளவரசனும் இளவரசியும் காட்டழகைப் பாடிக்கொண்டு வட்டமாகச் சுற்றி வருகிறார்கள், காடு வந்துவிடுகிறது. என் அப்பப்பா மட்டக்களப்பில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். கூத்து மேடையான களரியைச் சுற்றி ஆடினால் வழி நடந்ததாக அர்த்தம் என்று சின்னவயதில் சொல்லித்தந்தது அவர்தான். நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'நாடகம' என்ற சிங்களப் பாட்டுநாடக மரபிலிருந்து இதை ஆக்கினார். அந்த மரபின் வேர் எங்கள் கூத்தில் இருக்கிறது. மத்தளம் தொடங்கியதும் என் கால் தானாகத் தாளம் போட்டது.

கட்டாயம் கவனிக்கவேண்டியது வாள். காட்டில் வேடனோடு மோதும் இளவரசன் இளவரசியிடம் அதைக் கேட்கிறான். மூலமான பௌத்த ஜாதகக் கதையில் அவள் அதை வேடனிடமே கொடுத்துவிடுவாள். இங்கே வேடனுக்காக இரங்கிப் பேசுகிறாள், கை தயங்குகிறது, அந்த நொடிக்குள் வாள் வேடன் கைக்குப் போய், இளவரசன் செத்து, எல்லாம் முடிந்துவிடுகிறது. நடித்த பிள்ளையின் விரல்கள் கைப்பிடியை இறுக்கவுமில்லை, விடவுமில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மூச்சு நின்றது. குற்றம் யாருடையது என்ற முழுக் கேள்வியும் அந்த விரல்களில்தான் இருக்கிறது.

சிங்களம் அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும், கதைசொல்லியான பொத்தே குரு இடையிடையே கதையைச் சொல்லிவிடுவார். பால்கனி டிக்கட் மட்டும் எடுக்காதீர்கள். அங்கிருந்து விரல்கள் தெரியாது. அடுத்தமுறை போடும்போது வெள்ளவத்தையிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன்.