பிளஸ் ஒன் வேதியியல் கைடு: 1.33-ஐ 1 ஆக்கிய கணக்கு

மகள் பிளஸ் ஒன் தமிழ் மீடியம். முதல் பாடத்திலேயே எளிய விகித வாய்ப்பாடு (சேர்மத்தில் அணுக்கள் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பது), மூலக்கூறு வாய்ப்பாடு (ஒரு மூலக்கூறில் உண்மையில் எத்தனை அணுக்கள் என்பது) கணக்குகள் வந்துவிடுகின்றன, அதற்காகத்தான் இந்தக் கைடை வாங்கினோம். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை வேறு கைடுகளிலும் இருக்கலாம், கடையில் நின்றபடியே நீங்கள் புரட்டிப் பார்த்துவிடலாம்.

அட்டவணைகள் அருமை. சதவீதம், அதை அணு நிறையால் வகுத்தது, வந்ததில் சிறிய எண்ணால் மறுபடி வகுத்தது, கடைசியில் முழு எண் விகிதம் என்று எல்லாக் கணக்கும் ஒரே வரிசையில் போகிறது. கார்பன் 40, ஹைட்ரஜன் 6.67, ஆக்சிஜன் 53.33 சதவீதம் என்றால் விகிதம் 1:2:1. மோலார் நிறை, அதாவது மூலக்கூறில் உள்ள அணு நிறைகளின் கூட்டுத்தொகை, 30 என்றால் அது ஃபார்மால்டிஹைடு, 60 என்றால் அசிட்டிக் அமிலம், 180 என்றால் குளுக்கோஸ். மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், மூலக்கூறு வாய்ப்பாட்டுக்கு மோலார் நிறை ஏன் தேவை என்பது அவளுக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது.

கோளாறு வைட்டமின் சி கணக்கில். கார்பன் 40.92, ஹைட்ரஜன் 4.58, ஆக்சிஜன் 54.50 சதவீதம், மோலார் நிறை 176. வகுத்தால் 1:1.33:1 வருகிறது. கைடு அந்த 1.33-ஐ "ஏறத்தாழ 1" என்று எழுதி, எளிய விகித வாய்ப்பாட்டு நிறை 29, அதை ஆறால் பெருக்கு என்று முடித்துவிட்டது! பெருக்கினால் 174தான் வருகிறது, இரண்டு ஹைட்ரஜனைக் காணவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று நினைத்து மகள் அதையே நாலு முறை போட்டுப் பார்த்திருக்கிறாள், எனக்கு அதுதான் கோபம். 1.98 வந்தால் 2 என்று எடுக்கலாம், சோதனையில் அவ்வளவு பிழை இருக்கும். 1.33 அப்படியில்லை, அது மூன்றில் நான்கு. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினால் 3:4:3, நிறை 88, அதன் இரு மடங்கு சரியாக 176. 1.5 வந்தால் இரண்டால், 1.25 வந்தால் நான்கால் பெருக்க வேண்டும். இந்த ஒரு வரியைக்கூட எங்கேயும் எழுதவில்லை.

சேர்மத்தை எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடு, நீரின் நிறையிலிருந்து வாய்ப்பாடு கண்டுபிடிக்கும் கணக்குகள் பரவாயில்லை. கார்பன் டை ஆக்சைடின் நிறையில் 44-க்கு 12 பங்கு கார்பன், நீரின் நிறையில் 18-க்கு 2 பங்கு ஹைட்ரஜன், மீதி ஆக்சிஜன் என்று தெளிவாகவே இருக்கிறது. எழுத்துதான் பொடி.

பயிற்சிக் கணக்குகளில் பன்னிரண்டைச் சரிபார்த்தோம், விடைகள் சரி. அதனால் வாங்கலாம். ஆனால் அந்த வைட்டமின் சி பக்கத்தை முதலில் நீங்களே திருத்திவிட்டு அப்புறம் பிள்ளை கையில் கொடுங்கள்.