மே மாதத்தில் 'பீப்பாய் சைடர்' விற்கிறார்கள், பணம் கட்டாதீர்கள்

பள்ளி விடுமுறையில் ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் கவனிக்கவும். அங்குள்ள சான் செபாஸ்தியான் நகரப் பயணத் திட்டத்தில் 'பாரம்பரிய சைடர் இல்லம், பீப்பாயிலிருந்து நேரடியாக, அளவில்லாமல்' என்று ஒரு மாலையைச் சேர்த்து விற்கிறார்கள். சைடர் என்பது ஆப்பிளைப் புளிக்கவைத்துச் செய்யும் மது; அதைத் தயாரித்துச் சாப்பாட்டோடு பரிமாறும் இடம்தான் சைடர் இல்லம். தலைக்கு 95 யூரோ, குழந்தைகளுக்கும் அதே கட்டணம். அளவில்லாத சைடருக்கு என் பத்து வயது மகளிடமும் பணம் வாங்கியிருக்கிறார் சென்னையில் இருக்கும் எங்கள் பயண ஏஜென்ட்.

இந்த இல்லங்கள் இயங்கும் முறை தெரிந்தால்தான் மோசடி புரியும். இலையுதிர் காலத்தில் ஆப்பிளைப் பிழிந்து, ஆளுயரத்துக்கு மேற்பட்ட பீப்பாய்களில் புளிக்கவிடுவார்கள். ஜனவரி நடுவில் சீசன் தொடங்கும். இல்லத்துக்காரர் 'ச்சோட்ச்!' என்று குரல் கொடுத்ததும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கையில் டம்ளரோடு பீப்பாய் அறைக்குப் போவார்கள். சின்னக் குழாயைத் திறந்தால் சைடர் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். டம்ளரைச் சாய்த்து, தாரை உள்பக்கத்தில் மோதி நுரைக்கும்படி இரண்டு விரல் அளவு பிடித்து உடனே குடித்துவிட வேண்டும். ஒருவர் நகர்வதற்குள் அடுத்தவர் தன் டம்ளரை நீட்டிவிடுவார். இந்த வேடிக்கைக்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். ஏப்ரல் இறுதி அல்லது மே தொடக்கத்தோடு பெரும்பாலான இடங்களில் இது முடிந்துவிடும். மிச்சத்தைப் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள்.

எங்களை அழைத்துப்போனது மே கடைசி வாரத்தில். நகரத்துக்கு வெளியே சில கிலோமீட்டரில் இருக்கும் அஸ்திகர்ராகா, சைடருக்கே பேர்போன ஊர். வேன் இறக்கிவிட்ட இல்லத்தில் பீப்பாய் அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. மேசையில் பாட்டில்களை வைத்தார்கள். கேட்டதற்கு அங்கிருந்த பெண்மணி, 'அந்தத் தேதியில் பாட்டில் மட்டுமே' என்று மார்ச் மாதமே எங்கள் ஏஜென்ட்டுக்கு அனுப்பிய மின்னஞ்சலைக் கணினியில் திறந்து காட்டினார். அதற்குச் 'சரி' என்று ஏஜென்ட் அனுப்பிய பதிலும் கீழே இருந்தது. நாங்கள் முழுப் பணம் கட்டியது ஏப்ரலில். சுவரில் தொங்கிய விலைப்பட்டியலில் அதே சாப்பாடு 42 யூரோ, சிறுவர்களுக்கு அதில் பாதி.

சாப்பாட்டுக் கதை தனி. சைடர் இல்லங்களில் பட்டியல் ஒன்றுதான்: பக்காலாவ் எனும் உப்பிட்ட காட் மீனைப் போட்ட முட்டை ஆம்லெட், காரமில்லாத பச்சை மிளகாயோடு பொரித்த அதே மீன், அடுத்துக் கரியில் சுட்ட பெரிய மாட்டிறைச்சித் துண்டு. வெளியே கருகி, உள்ளே சிவப்பாக, மேலே கல்லுப்பு மின்ன வந்தது. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது, அத்தை முட்டைகூடத் தொடமாட்டார் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். 'சைவம், கோழி இரண்டும் ஏற்பாடு செய்தாயிற்று' என்று பதில் வந்திருந்தது. அந்தச் சமையலறையில் கோழியே இல்லை. கடைசியில் வரும் வால்நட், சீமை மாதுளை அல்வா, ரொட்டி, இடியாசாபல் சீஸ் இவைதான் அத்தைக்கு இரவு உணவு. ஓட்டோடு வந்த வால்நட்டை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். அந்தச் செம்மறி ஆட்டுப்பால் சீஸை வழக்கமாக உறையவைப்பது விலங்கு ரென்னெட்டால், அதாவது குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால். இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அங்கிருந்தே ஏஜென்ட்டைப் பிடித்தேன். 'சார், சைடர் குடித்தீர்களா இல்லையா?' என்றார். மின்னஞ்சலைப் பார்த்துவிட்டோம் என்றதும் குரல் இறங்கி, அடுத்த பயணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். பணம் திரும்பவில்லை. கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம்.

அந்த இல்லத்துக்காரர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போக விரும்பினால் இடைத்தரகர் வேண்டாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நேரடியாக மேசை பதிவு செய்யுங்கள், வார இறுதியில் கூட்டம் நெரியும். அந்த மாதங்களில் விடுமுறை கிடைக்காதவர்கள், ஆண்டு முழுவதும் பீப்பாய் திறக்கும் சில இல்லங்கள் இருக்கின்றன, அவற்றைத் தேடிப் பிடிக்கலாம். வண்டி ஓட்டுபவர் குடிக்கக் கூடாது என்பதால் டாக்சிதான் நல்லது. சைவர்கள் மாலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.

ஜூலை மாதத்துக்கும் இதே வாசகத்தோடு அந்த ஏஜென்ட் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார். முன்பணம் கட்டியிருப்பவர்கள் எந்த இல்லம் என்று பெயரைக் கேட்டு வாங்கி, பீப்பாய் திறந்திருக்குமா என்று அவர்களுக்கே இன்று எழுதிக் கேளுங்கள்.