கார்வான் தமிழ்: பழைய பாடல்களின் ரசிகருக்கு ஏற்ற பாட்டுப் பெட்டி

விஸ்வநாதன் – ராமமூர்த்தி, கே. வி. மகாதேவன் காலத்துத் திரைப்பாடல்களில் ஊறியவர்களுக்குச் சரிகம நிறுவனத்தின் கார்வான் தமிழ் பெட்டியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். எண்பதுகளின் இளையராஜாவை மட்டுமே கேட்க விரும்புகிறவர்கள் வாங்குமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பாடல்கள் எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தவை என்பதுதான்.

கார்வான் 2017ஆம் ஆண்டு இந்திப் பாடல்களுடன் அறிமுகமாகி, அடுத்துத் தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் வந்தது. பழைய டிரான்சிஸ்டர் வானொலியின் தோற்றத்தில் இருக்கும் இந்தப் பெட்டியில் 5,000 பாடல்களை முன்கூட்டியே பதிந்து தருகிறார்கள். அவற்றைக் கேட்க இணைய இணைப்பு வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம், இடையில் விளம்பரமும் வராது. கிராமபோன் முன் நாய் அமர்ந்திருக்கும் எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட பழைய கிராமபோன் கம்பெனிதான் இன்றைய சரிகம. ஐம்பதுகள், அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பகுதி அந்த நிறுவனத்தின் வழியாகவே இசைத்தட்டாக வந்தது என்பதால், அந்தக் காலத்தைப் பொறுத்தவரை இப்பெட்டியின் இருப்பு மிக வளமானது. 1976இல் வந்த ‘அன்னக்கிளி’ முதலாக இளையராஜாவின் தொடக்க காலப் படங்களும் இதில் கணிசமாக உண்டு. எண்பதுகளில் ஒலிநாடா பரவி, எக்கோ போன்ற பிற நிறுவனங்கள் பாடல் உரிமைகளை வாங்கத் தொடங்கிய பிறகு வந்த அவருடைய புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றை இங்கே எதிர்பார்க்க இயலாது. அவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகிக் கேட்கலாம். புளூடூத் வழியாகக் கைபேசியிலிருந்தும் ஒலிக்க வைக்கலாம்.

நான் இங்கே பேசுவது அடிப்படை வகையைப் பற்றி. இதில் ஒரு பாடலின் பெயரைத் தட்டச்சு செய்து தேட வழியில்லை. பாடல்கள் பாடகர், இசையமைப்பாளர், கவிஞர், நடிகர் என்று கலைஞர் வாரியாகவும், பக்தி, கர்நாடக இசை போன்ற பிரிவுகளாகவும் அடுக்கப்பட்டுள்ளன. டயலைத் திருப்பினால் பிரிவு மாறும், பொத்தானை அழுத்தினால் அடுத்த பாட்டு வரும். கைபேசியில் நினைத்த பாட்டை நினைத்த நொடியில் கேட்டுப் பழகியவர்களுக்கு முதலில் இது சிரமமாகத் தோன்றலாம். ஆனால் என் கருத்தில் இந்தப் பெட்டியின் ஆகப்பெரிய நன்மை இதிலேதான் இருக்கிறது. தேடும்போது நமக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டைத்தான் தேடுகிறோம். தேட வழியில்லாதபோது, அறியாத படத்தின் அறியாத பாட்டு ஒன்று, பி. பி. ஸ்ரீநிவாஸ் குரலிலோ ஏ. எம். ராஜா குரலிலோ, நாம் கேட்காமலேயே வந்து சேர்கிறது. இலங்கை வானொலியையும் விவித் பாரதியையும் கேட்டு வளர்ந்த தலைமுறை தன் ரசனையை வளர்த்துக்கொண்டது இப்படித்தான். படத்தின் பெயரையும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் சொல்லி அறிமுகப்படுத்திய அந்த அறிவிப்பாளர்களின் குரல் மட்டும்தான் இங்கே இல்லை. அந்தக் குறையை, பெட்டியுடன் தரப்படும் பாடல் பட்டியல் புத்தகம் ஓரளவுக்கு ஈடுசெய்கிறது.

நடிகர் வாரியான பிரிவு வெறும் விற்பனை உத்தி என்றுதான் பலரும் நினைப்பார்கள். டி. எம். சௌந்தரராஜனின் ரசிகர்களுக்கு அதுவே இந்தப் பெட்டியின் பொக்கிஷம். எம்.ஜி.ஆருக்கு ஒரு குரலும் சிவாஜிக்கு ஒரு குரலுமாக அவர் பாடினார் என்பது எல்லாரும் சொல்லும் செய்திதான் என்றாலும், எம்.ஜி.ஆர். பிரிவில் சில பாடல்களைக் கேட்டுவிட்டு உடனே டயலைத் திருப்பிச் சிவாஜி பிரிவுக்குப் போகும்போதுதான் அதன் நுட்பம் காதில் துலங்குகிறது. ‘புதிய பறவை’ 1964இல் வந்தது, ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965இல் வந்தது. இரண்டுக்கும் இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. முதல் படத்தின் ‘எங்கே நிம்மதி’, இரண்டாம் படத்தின் ‘அதோ அந்தப் பறவை போல’ ஆகிய இரண்டையும் எழுதியவர் கண்ணதாசன், பாடியவர் டி.எம்.எஸ். கவிஞர், இசையமைப்பாளர்கள், பாடகர் என எல்லாரும் அவர்களேதான். மாறியவர் நடிகர் ஒருவர் மட்டுமே. சிவாஜிக்கான பாட்டில் குரல் அடிவயிற்றிலிருந்து எழுந்து, சொற்களைக் கனமாக அழுத்தி, உடைந்துவிடுவதுபோல நின்று மீள்கிறது. எம்.ஜி.ஆருக்கான பாட்டிலோ அதே குரல் சற்றே மூக்கொலி கலந்து, மேலே இலேசாக மிதந்து, பின்னால் வரும் குழுவினரின் குரலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அந்த 1965ஆம் ஆண்டிலேயே பிரிந்துவிட்டார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த உற்சாகமான பாட்டைக் கேட்கும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

கவிஞர் பிரிவுகளையும் அவசியம் கேட்க வேண்டும். நடிகரையும் பாடகரையும் வைத்தே பாடல்களை நினைவில் கொண்டிருக்கும் நமக்கு, கண்ணதாசன் பாடல்களும் வாலி பாடல்களும் தனித்தனித் தொகுதிகளாகக் காதில் விழும்போது, இவர் எழுதியது என்று இத்தனை நாள் நாம் நினைத்திருந்த எத்தனையோ பாடல்கள் அவர் எழுதியவை என்பது தெரியவரும்.

ஒலியின் தரத்துக்கு வருகிறேன். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடம்தான் கொள்ளும் என்பதால், அந்தக் காலத்துப் பாடல்களில் ஒரு நொடிகூட வீணாவதில்லை. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் எல்லாம் செறிவாகக் கட்டப்பட்டவை. ஒற்றைத் தடத்தில் பதிவான அந்த இசைக்கு இந்தச் சிறிய பெட்டியின் ஒலிபெருக்கி நன்றாகவே பொருந்துகிறது. குறிப்பாக, ‘சொன்னது நீதானா’ போன்ற பாடலில் பி. சுசீலாவின் குரலும் சிதாரும் மாறிமாறி வரும் இடங்கள் மிகத் தெளிவாகக் கேட்கின்றன. ஒரு சொல்லின் கடைசி எழுத்தை அவர் எவ்வளவு மென்மையாக விடுவிக்கிறார் என்பதுவரை காதுக்கு எட்டுகிறது. ‘எங்கே நிம்மதி’ போல வயலின்களும் குழுப்பாடலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு வரும் பாடல்களுக்கு இந்த அளவு ஒலிபெருக்கி போதாது. அவற்றை ஹெட்போனிலோ வீட்டில் உள்ள பெரிய ஒலிபெருக்கியிலோ இணைத்துக் கேட்பதே அந்தப் பாடல்களுக்கு நாம் செய்யும் நியாயம். அதற்கான வசதி பெட்டியிலேயே உள்ளது.

எங்கள் வீட்டில் இதை மிகுதியாகப் பயன்படுத்துகிறவர் என் தாயார். கைபேசியின் சிறிய எழுத்துகள் அவருக்குத் தெரிவதில்லை. கையால் திருப்பக்கூடிய டயல் என்பதால் யாருடைய உதவியும் இல்லாமல் சமையலறையில் வைத்துச் சுசீலாவையும் சீர்காழி கோவிந்தராஜனையும் அவரே கேட்டுக்கொள்கிறார். பண்பலை வானொலியும் இதில் இருப்பதால் தனியாக ஒரு ரேடியோ தேவைப்படவில்லை. ஒருமுறை மின்னேற்றினால் சுமார் ஐந்து மணி நேரம் ஒலிக்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. நாள் முழுவதும் பாட்டு ஒலிக்கும் வீடுகளில் மின் இணைப்பிலேயே வைத்திருப்பது வசதி.

அடிப்படை வகையின் விலை ரூ. 6,000 அளவில் இருக்கிறது. விலை குறைவு என்பதற்காக மினி வகையை வாங்க நினைப்பவர்கள், அதில் சில நூறு பாடல்கள் மட்டுமே உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பயணத்துக்கு அது போதும். புதிய பாடல்களைக் கண்டடையும் இன்பம் வேண்டுமென்றால் 5,000 பாடல்கள் கொண்ட பெரிய பெட்டியையே வாங்குங்கள். வாங்கும்போது அட்டைப்பெட்டியின் மேல் ‘தமிழ்’ என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இந்திப் பெட்டியும் பார்வைக்கு இதே தோற்றத்தில்தான் இருக்கும்.