பழைய கோல்ஃப் ஜிடிஐ, ஐந்து பேர் குடும்பம், பத்து மாதச் செலவு

2025 ஜனவரியில் 68,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) 2016ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ ஒன்றை வாங்கினோம். ஏழாம் தலைமுறை, 2.0 லிட்டர் டர்போ, 220 குதிரைத்திறன். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. என் கணவர் மருத்துவமனையில் வேலை செய்கிறார். நான் க்ளென்மேரியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. முழங்கால் வலியோடு அத்தையும் எங்களோடு இருக்கிறார். "இந்த வீட்டுக்கு எதுக்கு இந்த மாதிரி காடி?" என்று சொந்தத்தில் கேட்காத ஆள் இல்லை. வாங்குவதற்கு முன் ஐந்து மாதம் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆசை எனக்குத்தான். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். சின்ன வயதில் எங்கள் பழைய காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்பார். சரியாகச் சொன்னால் அன்று ரொட்டி சானாய். ஆசையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒரு தேவை இருந்தது. அத்தையின் சொந்த ஊர் பகாங்கில் உள்ள மெந்தகாப். மாதம் ஒரு முறையாவது மலைவழியான காராக் நெடுஞ்சாலையில் ஏறி இறங்க வேண்டும். எங்களிடம் இருந்த 2012 ஹோண்டா சிட்டி நல்ல கார், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து பேரும் சாமான்களும் ஏறிய பிறகு, கெந்திங் செம்பா ஏற்றத்தில் மெதுவாகப் போகும் லாரியைத் தாண்டுவதற்குள் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அதன் 145 நியூட்டன் மீட்டர் இழுவை முழுவதும் கிடைக்க எஞ்சின் நிமிடத்துக்கு 4,800 சுற்றுக்குப் போக வேண்டும். ஜிடிஐயில் 350 நியூட்டன் மீட்டர் 1,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. எனக்கு முக்கியம் அதுதான். நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.5 வினாடியில் தொடும் என்பதை நான் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

முதலில் பார்த்தது வேறு கார்கள். ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2 என் பள்ளிக்காலக் கனவு. 8,000 சுற்று வரை பாடும் எஞ்சின், நான்கு கதவு. ஆனால் அதில் நான்கு பேர்தான் உட்காரலாம், நாங்கள் ஐந்து. அத்தோடு அது முடிந்தது. அடுத்து சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6 லிட்டர். சாலை வரி வெறும் 90 வெள்ளி, பராமரிப்புக்கும் பயம் இல்லை, ஓட்டவும் அவ்வளவு சந்தோஷமான கார். அத்தையின் நடைச்சட்டத்தை மடித்துப் பின்னால் வைத்துப் பார்த்தோம். அதற்கு மேல் ஒரு பள்ளிப்பைகூட நுழையவில்லை. கோல்ஃப்பின் டிக்கி 380 லிட்டர், நடைச்சட்டமும் இரண்டு பைகளும் அரிசி மூட்டையும் போகும். கதவும் ஐந்து. 2012இல் யூரோ என்கேப் விபத்துச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்றதும், வாயே திறக்காமல் இருந்த என் கணவர் முதல் முறையாகத் தலையாட்டினார்.

இதற்கு முந்தைய ஆறாம் தலைமுறை ஜிடிஐ இன்னும் மலிவாகக் கிடைத்தது. எங்களுக்குத் தெரிந்த கார் மெக்கானிக், ஃபோர்மேன் அண்ணன், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கால எஞ்சின்களில் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனமானது. அது விட்டால் எஞ்சினே போய்விடும். மாற்றியதற்கான பில் இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் விலையைக் கேட்கவே கேட்காதே என்றார்.

அப்புறம் அந்த கியர்பாக்ஸ். இரண்டு கிளட்ச் உள்ள தானியங்கி கியர்பாக்ஸ், டிஎஸ்ஜி என்று பெயர். அதைச் சொன்னாலே இங்கே ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான கதைகள் சிறிய எஞ்சின்களோடு வரும் ஏழு கியர், உலர் கிளட்ச் வகையைப் பற்றியவை. இந்த ஜிடிஐயில் இருப்பது ஆறு கியர், கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கி இருக்கும். எண்ணெய் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் நம் ஊர் நெரிசலை அது நன்றாகத் தாங்கும். அதற்குப் பதிலாக 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயும் வடிகட்டியும் கட்டாயம் மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போட்டவர்களின் காரை வாங்கினால் அவர்கள் மிச்சம் பிடித்த பணத்தை நாம் கட்டுவோம்.

நாங்கள் பார்த்த முதல் ஜிடிஐ கோலாலம்பூரில் ஒரு பழைய கார் கடையில் நின்றது. 2015, மீட்டரில் 84,000, விலை 62,000 வெள்ளி. பளபளவென்று இருந்தது. மகன் பின்சீட்டில் ஏறி இறங்க மறுத்துவிட்டான். எனக்கும் அப்படித்தான். அப்பா மட்டும் பிரேக் பெடலைப் பார்த்தார். ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருந்தது. "84,000 ஓடுன காலு இல்ல இது" என்றார். அடுத்த நாள் ஃபோர்மேன் அண்ணனை 250 வெள்ளி கொடுத்து அழைத்துப் போனேன். அவர் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார். மீட்டரை மாற்றியவர்கள் கம்ப்யூட்டருக்குள் பதிவாகியிருந்த பழைய கோளாறுக் குறிப்புகளை அழிக்கவில்லை. ஒவ்வொரு குறிப்பும் அது எந்தக் கிலோமீட்டரில் வந்தது என்பதையும் சேர்த்து வைத்திருக்கும். ஒன்றில் 131,000 என்று இருந்தது. கடைக்காரரிடம் நான் ஒன்றும் பேசவில்லை, கோபத்தில் கை நடுங்கியது. எத்தனை குடும்பங்கள் ஸ்கேனர் இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கும் என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த 250 வெள்ளியைச் செலவாக நினைக்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து பெட்டாலிங் ஜெயாவில், ஓய்வு பெற்ற விரிவுரையாளர் ஒருவரிடம் எங்கள் கார் கிடைத்தது. கேட்ட விலை 69,500, ஓட்டம் 86,000. அவர் காரைக் காட்டுவதற்கு முன் ஒரு கோப்பைக் காட்டினார். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு எண்ணெய் மாற்றம், 58,000இல் கியர்பாக்ஸ் எண்ணெய், போன வருடம் தண்ணீர்ப் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பெட்டி மாற்றிய 1,900 வெள்ளி பில். இந்த எஞ்சினில் அந்தப் பெட்டி பிளாஸ்டிக். சூட்டிலேயே இருந்து இருந்து ஒரு நாள் கசியும் என்பது இந்தக் காரை அறிந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அந்த பில் எனக்குப் பெயிண்டைவிட அழகாகத் தெரிந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நிறுத்தியதும் அப்பா பானட்டைத் திறந்து குனிந்து மோந்தார். கூலண்ட் கசிந்தால் சூடான எஞ்சினிலிருந்து இனிப்பாக ஒரு வாசனை வரும். வரவில்லை. டயரின் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படிக்கச் சொன்னார். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். 2319 என்று இருந்தது, அதாவது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து வருஷத்துக்கு மேலான டயர். அதைச் சொல்லி விலையில் 1,500 குறைத்தோம். அப்படித்தான் 68,000.

பணம் எப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். சிட்டி 24,000க்குப் போனது. 18,000 முன்பணம், 50,000 வங்கிக் கடன். கடன் தாள்களை நகர்த்திய ஏஜெண்டுக்கு 900. அவர் ஏழு வருடம் போடச் சொன்னார், மாதம் 762 தானே என்று. 4 விழுக்காடு ஃபிளாட் வட்டி (கட்டக் கட்டக் குறையாமல் முழுக் கடனுக்கும் போடும் வட்டி) என்றால் ஏழு வருடத்துக்கு வட்டி மட்டும் 14,000. ஐந்து வருடம் என்றால் 10,000, மாதம் சரியாக 1,000. ஐந்து போட்டோம். கணவர் ஒரே நிபந்தனை வைத்தார்: "10,000 வெள்ளி தனியா இருந்தா வாங்கு, இல்லன்னா அடுத்த வருஷம் பார்ப்போம்." சிட்டியில் மிஞ்சிய 6,000த்தோடு 4,000 சேர்த்துத் தனிக் கணக்கில் போட்ட பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் வாகனச் சோதனைக்கே காரைக் கொண்டுபோனோம். அன்று எனக்கு அது பிடிவாதமாகத் தோன்றியது. இன்று அந்தக் கணக்கு இருப்பதால்தான் இந்தக் காரை நிம்மதியாக ஓட்டுகிறேன். கணவரின் பெரோடுவா மைவி கடன் தீர்ந்த கார், அது வீட்டிலேயே இருக்கிறது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அதுதான்.

செலவைச் சொல்கிறேன். சாலை வரி 372 வெள்ளி, எஞ்சின் 1,984 சிசி என்பதால். காப்புறுதி 1,150 அளவில் வந்தது. சிட்டியில் சேர்த்திருந்த 55 விழுக்காடு என்சிடி (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான காப்புறுதித் தள்ளுபடி) இந்தக் காருக்கு மாறியதால்தான் அவ்வளவு குறைவு. என்சிடி இல்லாமல் முதல் காராக இதை வாங்கும் இளைஞர்கள் காப்புறுதி விலையைக் கேட்டுவிட்டுப் பிறகு காரைப் பார்க்க வேண்டும். நான்கு டயர், 18 அங்குலம், 2,200. முன்பக்க பிரேக் பேட் 550. எஞ்சின் எண்ணெய் மாற்றம் இரண்டு முறை, தலா 480. கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு இன்னும் நேரம் இருந்தது, இருந்தாலும் நம் கையில் ஒரு முறை சுத்தமாக மாறட்டும் என்று 980 கொடுத்து மாற்றினேன். ஆக, சாலை வரியும் காப்புறுதியும் நீங்கலாக, 4,690 வெள்ளி அந்தத் தனிக் கணக்கிலிருந்து போனது. மாதம் 200 போட்டு வந்ததில் இப்போது மீதம் 7,310.

பெட்ரோல் மாதம் 110, 115 லிட்டர். நெரிசலில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர், காராக் போய் வந்தால் பதின்மூன்று, பதினான்கு. ஆரம்பத்தில் உயர்தர ரோன் 97 மட்டும் போட்டேன், அப்போது லிட்டர் மூன்று வெள்ளிக்கு மேல். 2025 செப்டம்பர் 30 முதல் அரசின் புடி95 மானியத் திட்டத்தில் சாதாரண ரோன் 95 லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைத்ததால் அலுவலக நாட்களில் 95, மெந்தகாப் போகும் வாரம் 97. பெட்ரோல் தரம் குறைந்தால் எஞ்சினில் வரும் தட்டலை உணரும் நாக் சென்சாரை வைத்து எஞ்சின் தானே சரிசெய்துகொள்கிறது. 95இல் இழுவை கொஞ்சம் மந்தம், ஜாலான் ஈப்போ நெரிசலில் அது தெரியப்போவதில்லை.

ஓட்டுவதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. வளைவில் உள்பக்கச் சக்கரத்தை லேசாகப் பிடித்து மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் விதம், ஸ்டீயரிங் கையில் கொடுக்கும் கனம், லாரியைத் தாண்ட மிதித்ததும் வந்து நிற்கும் அந்தத் தள்ளல். பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே இருக்கிறார்கள். முன்பெல்லாம் மேல்கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வரும் அத்தை இப்போது கடலை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு வருகிறார்.

குறைகளும் உண்டு. ஜாலான் ஈப்போவில் சாக்கடை மூடிகள் மேல் ஏறும்போது 18 அங்குலச் சக்கரம் முதுகில் சொல்லிவிடுகிறது. எங்கள் அடுக்குமாடி சாய்தளத்தில் நேராக இறங்கினால் முன்பகுதி தரையைத் தொடும், கோணலாகத்தான் இறங்க வேண்டும். நின்று நின்று நகரும் நெரிசலில் கியர்பாக்ஸ் முதல் கியரில் லேசாக உதறும். அதனால் முன்னால் இருக்கும் காருக்குக் கொஞ்சம் இடம் விட்டு மொத்தமாக நகரப் பழகிக்கொண்டேன். பின்சீட்டின் நடுவில் தரை மேடாக இருப்பதால் மகன் காலை இரண்டு பக்கமும் போட்டுத்தான் உட்காருகிறான். உயரம் குறைவு என்பதால் அத்தைக்கு உட்காருவது சுலபம், எழுந்திருக்கத்தான் ஒரு கை கொடுக்க வேண்டும். வழக்கமான பட்டறை எல்லாம் இதற்குச் சரிப்படாது. இந்தக் காரைத் தெரிந்த, சரியான ஸ்கேனர் வைத்திருக்கும் ஃபோர்மேன் அருகில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

என் காரைப் பார்த்துவிட்டு கெப்போங்கில் இருக்கும் சித்தி மகன் தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தான். கைக்குழந்தை இருக்கிறது, வீட்டில் இருப்பது ஒரே கார், அதை விற்றுத்தான் முன்பணம். சேமிப்பு 3,000. "தம்பி, இது ஒரு வாரம் பட்டறையில நின்னா நீ எதுல வேலைக்குப் போவ?" என்று கேட்டேன். பதில் இல்லை. முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அதே ஆசையில் நானும் ஐந்து மாதம் தூங்காமல் கிடந்தவள்தானே. இப்போது அவன் செலாயாங்கில் ஒரு ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பார்த்து வைத்திருக்கிறான், மேனுவல் கியர், ஒரே உரிமையாளர். வரும் ஞாயிறு காலை பசியாறிவிட்டு நானும் அப்பாவும் கூடப் போகிறோம். ஃபோர்மேன் அண்ணனும் ஸ்கேனரோடு வருகிறார்.