பானச் சோதனைத் தாள்: பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா?
பானத்தில் மயக்க மருந்து கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்று இணையத்தில் விற்கப்படும் சோதனைத் தாள்களை, பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் பினாங்குக் குடும்பங்கள் சில விசாரிக்கத் தொடங்கியதால், நானும் ஒரு பொட்டலம் வரவழைத்தேன். விலை அதிகமில்லை, கைப்பையில் அடங்குகிறது. தண்ணீர்த் துளிக்குத் தாளிலுள்ள சோதனை வட்டம் நிறம் மாறவில்லை. ரோஜாப் பாகும் பாலும் கலந்த சிராப் பாண்டோங் துளியை இட்டதும் அதன் இளஞ்சிவப்பே தாளில் ஊறிவிட, முடிவைப் படிக்கவே இயலவில்லை. நம் பிள்ளைகள் குடிப்பதோ இத்தகைய பானங்களைத்தான்.

இந்தத் தாள் கெட்டமின், ஜிஎச்பி ஆகிய இரண்டு மயக்கப் பொருள்களை மட்டுமே தேடுகிறது. மயக்கி நடத்தப்படும் பாலியல் வன்முறையில் மிகுதியாகப் பயன்படும் பொருள் மதுதான் என்பதையும், குற்றவாளி பெரும்பாலும் பழகியவராகவே இருப்பார் என்பதையும் பெட்டியில் எங்கும் காணோம்.

எனக்குப் பெருங்குறையாகப் பட்டது வழிகாட்டித் தாள்: வன்முறை நடந்துவிட்டால் எதை எத்தனை மணி நேரத்திற்குள் செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. ஜிஎச்பி ஏறத்தாழ 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரமே எல்லை. நினைவு அறுந்த நிலையில் தன்னையே சந்தேகித்து மௌனமாகும் பிள்ளைக்கு இந்த நேரக்கணக்குத்தான் முதலில் தேவை. பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கு உதவும், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவின் ஓஎஸ்சிசி மையத்தையோ, அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999 எண்ணையோ ஒரு வரி குறிப்பிட்டிருக்கலாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதுவும் வீட்டில் இந்தப் பேச்சை எடுக்க ஒரு சாக்காக உதவியதற்காக.