கண்ணாடி மாற்றப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தேன்

புதுக்குடியிருப்பில் வான் ஓடுகிறேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரம் ஹயர். போன மாசியில் ஒருநாள் இரவு யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வரும்போது, உடையார்கட்டுப் பக்கம் றோட்டில் படுத்திருந்த மாட்டை நிழல் என்று நினைத்துவிட்டேன். எதிரே வந்த லொறியின் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறி, கிட்டப் போன பிறகுதான் கொம்பு தெரிந்தது. பிறேக் பிடித்து நின்றபோது மாட்டுக்கும் வானுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருந்தது. பின் சீற்றில் கைக்குழந்தையோடு ஒரு தாய். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

என்னிடம் ஏற்கெனவே ஒரு கண்ணாடி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கடையில் எடுத்தது. மெஷினில் நாடியை வைக்கச் சொல்லி, ஐந்து நிமிஷத்தில் நம்பர் எழுதித் தந்தார்கள். தலையிடிக்கிறது என்று திரும்பிப் போனபோது, போடப் போடப் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

கிளிநொச்சியில் கண்டி வீதியோடு இருக்கிற இந்தக் கண் பரிசோதனை நிலையத்தைச் சொன்னது என் வானில் வருகிற ஒரு ரீச்சர். சரி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு வருவோம் என்றுதான் போனேன். உள்ளே கண் பார்க்கிற பிள்ளைக்கு முப்பது வயதுதான் இருக்கும். கண்ணைத் தொட முதல் பத்து நிமிஷம் கேள்விதான். என்ன வேலை, இரவில் ஓடுவீர்களா, சலரோகம் இருக்கிறதா, என்ன மருந்து குடிக்கிறீர்கள். பழைய கண்ணாடியையும் வாங்கி ஒரு கருவியில் வைத்துப் பார்த்தார்.

இங்கேயும் மெஷின் இருக்கிறது. நீளமான றோட்டின் முடிவில் ஒரு பலூன் நிற்கும், அதைப் பார்க்க வேண்டும். ஆனால் அது சொன்ன நம்பரை அப்படியே எழுதவில்லை. கனமான வட்டச் சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, தமிழ் எழுத்து அட்டையை வாசிக்க வைத்தார். வலது கண்ணுக்கு ‘ழ’வும் ‘மு’வும் ஒன்றாகவே தெரிந்தன. ஒரு வில்லையை மட்டும் மெல்லத் திருப்பி, "இது தெளிவா ஐயா, இல்லை இதுவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் ‘ழ’வின் வால் தனியாகப் பிரிந்து நின்றது. கண்ணின் முன்பக்கம் ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைந்திருக்கிறதாம். வைப்பர் கீறிய கண்ணாடியில் எதிர் லைட் கோடாக இழுபடுமே, அப்படித்தான் எனக்கு இரவு வெளிச்சம் தெரிந்திருக்கிறது. பழைய கண்ணாடியில் அதற்கு ஒன்றுமே போடவில்லை.

அதோடு முடிந்தது என்று எழும்பினேன். "இருங்கோ ஐயா, கண்ணின் அழுத்தம் பார்க்க வேண்டும்" என்றார். ‘பொக்’ என்று காற்று அடித்தது. வலதில் 24, இடதில் 22. வழக்கமாக 10 இலிருந்து 21 வரை இருக்க வேண்டுமாம். கண்ணை மரக்க வைக்கும் மருந்து விட்டு, நீல வெளிச்சம் உள்ள கருவியால் திரும்பவும் அளந்தார். அதுவும் அதேதான். பிறகு, "வீட்டில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்ததா?" என்று கேட்டார்.

என் ஐயாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வையே இல்லை. பக்கத்தில் இருக்கிற தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுவார். வயது போய்விட்டது என்றோம். ஒரு டொக்டரிடமும் காட்டவில்லை. அதை அந்தப் பிள்ளையிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. நோவில்லாமல் ஓரப் பார்வையிலிருந்து போகிற நோய், போன பார்வை திரும்பாது, முன்கூட்டிப் பிடித்தால் சொட்டு மருந்தால் மறித்து வைக்கலாம் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

கண்மணி விரிய மருந்து விட்டு, அரை மணித்தியாலத்துக்குப் பிறகு உள்ளே நரம்பைப் பார்த்தார். இன்னொரு நாள் வரச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும் போதெல்லாம் பொத்தானை அமத்துகிற பரிசோதனையும் செய்தார். நரம்பு இப்போதைக்கு நல்லாக இருக்கிறது, ஆனாலும் விடக்கூடாது என்று ஆஸ்பத்திரிக் கண் நிபுணருக்குக் கடிதம் தந்தார். நிபுணரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.

குறை என்றால் ஒன்று. கண்ணுக்கு மருந்து விடுவோம், உடனே வாகனம் ஓட்ட முடியாது என்று போனில் பதியும்போதே சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்துகிறது, கையில் இருக்கிற போனையும் வாசிக்க முடியவில்லை. மருமகன் பஸ்சில் வந்துதான் வானை எடுத்தான். கண்ணாடி கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. ஆனால் பரிசோதனைக் காசு எவ்வளவு என்று முதலிலேயே சொன்னார்கள். பிறேமை இங்கேதான் வாங்க வேண்டும் என்று ஒருவரும் நெருக்கவில்லை.

புதுக் கண்ணாடியோடு இப்போது இரவில் ஓடுகிறேன். எதிர் லைட் லைட்டாகவே தெரிகிறது. தலையிடி இல்லை.

ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்பதால் அண்ணனுக்கும் வருகிற சனிக்கிழமைக்குப் பதிந்துவிட்டேன். விசுவமடுவில் தோட்டம் செய்கிறார், தனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்கிறார். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நில்லுங்கோ, நான் வந்து ஏற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.