பாஷ், இசட் ஷெல், ஃபிஷ்: தினசரி டெர்மினலுக்கு எது?

லினக்ஸ் இயங்குதளத்துக்கு வருகிறவர்கள் அதன் வகைகளில் உபுண்டுவா, மின்ட்டா, ஃபெடோராவா என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எந்த ஷெல் என்று யாரும் யோசிப்பதில்லை. கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் சாளரமான டெர்மினலில் நாம் எழுதுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு பதில் சொல்வது அந்த ஷெல்தான். நான் பாஷ் என்ற ஷெல்லில் தொடங்கி, இசட் ஷெல்லில் சில காலம் இருந்துவிட்டு, இப்போது ஃபிஷ்ஷில் இருக்கிறேன். எனவே இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பாஷைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1989 முதல் இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ்களில் தானாகவே வருகிறது. வாடகைக்கு எடுக்கும் சர்வர்களிலும் அநேகமாக அதுதான். இணையத்தில் யாராவது ஒரு கட்டளையை எழுதி வைத்திருந்தால் பாஷை நினைத்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் புதியவரிடம் அது வாய் திறப்பதில்லை. எழுத்துப்பிழை இருந்தால் என்டர் தட்டிய பிறகுதான் தெரியும். பழைய கட்டளையைத் தேட கன்ட்ரோல்-ஆர் என்ற அருமையான வழி இருக்கிறது; ஆனால் அப்படி ஒன்று இருப்பதைத் திரையில் எதுவும் காட்டாது. தெரியாதவர் மேல் அம்பைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

இசட் ஷெல் 1990-இல் வந்தது. 2019-இல் கேடலினா பதிப்பிலிருந்து மேக் கணினிகளின் இயல்பு ஷெல்லாகிவிட்டதால் அதன் மவுசு கூடியிருக்கிறது. அதனால் முடியாதது அநேகமாக எதுவுமில்லை. ஆனால் எல்லாவற்றையும் நாமே சேர்க்க வேண்டும். வெறும் இசட் ஷெல்லை முதன்முறை திறந்தால், நம் விருப்பங்களை எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பு இல்லையே, என்ன செய்யட்டும் என்று ஒரு கேள்விப் பட்டியலை நீட்டும். அதைப் பார்த்து மிரண்டு பெரும்பாலோர் ‘ஓ மை இசட்எஸ்எச்’ என்ற ஆயத்த அமைப்புகளின் தொகுப்பை நிறுவிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான்.

பராமரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. நாம் எழுதும்போதே மீதிக் கட்டளையைச் சாம்பல் நிறத்தில் காட்டும் வசதி அந்தத் தொகுப்பில் கிடையாது. தனியாக இறக்க வேண்டும். கட்டளைக்கு நிறம் தீட்டும் நீட்சி (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) இன்னொன்று. அதை அமைப்புக் கோப்பின் கடைசியில்தான் சேர்க்க வேண்டும் என்று அதன் குறிப்பே சொல்கிறது. ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொகுப்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவா என்று கேட்கும். தனியாக இறக்கிய நீட்சிகளை நாம்தான் போய்ப் புதுப்பிக்க வேண்டும். மேலே அலங்காரத்துக்குப் ‘பவர்லெவல்10கே’ போட்டிருந்தால், இனிப் புதிய வசதிகள் இல்லை, பிழைகளில் பெரும்பாலானவை திருத்தப்படமாட்டா என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு கையிலிருந்து வரும் துண்டுகள் இவை. ஒன்று நின்றுவிட்டால் மாற்று தேடும் வேலை நம்முடையது. நீட்சி எதுவுமின்றி, தானே எழுதிய இருபது வரிகளோடு இசட் ஷெல்லை நிம்மதியாக ஓட்டுகிறவர்களும் உண்டு. அந்த வழியில் எனக்குப் பழக்கம் போதாது. அவர்களோடு வாதாட மாட்டேன்.

ஃபிஷ் 2005-இல் வந்தது. நிறுவினால் போதும், மேலே சொன்ன எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. எனக்கு மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் கோப்புகளை நகலெடுக்கும் நீளமான ‘ஆர்சிங்க்’ கட்டளை ஒன்று உண்டு. அதன் முதல் நான்கு எழுத்தை அடித்ததும், போன மாதம் எழுதிய வரி முழுவதும் மங்கலாக வந்து நிற்கும். வலது அம்பைத் தட்டினால் அது என் வரியாகிவிடும். ஆல்ட்டோடு சேர்த்துத் தட்டினால் ஒரு சொல் மட்டும் வரும். கட்டளையின் பெயரில் பிழை இருந்தால் எழுத்து சிவப்பாகவே இருக்கும். சரியாக அமைந்ததும் நிறம் மாறும். கோப்பு உண்மையில் இருந்தால் அதன் பெயருக்கு அடிக்கோடு விழும். கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டும் ‘டார்’ கட்டளையை எழுதி ஒரு சிறு கோடும் (-) போட்டு டேப் தட்டினால், ஒவ்வொரு எழுத்தும் எதற்கு என்ற சிறு விளக்கத்தோடு பட்டியல் விரியும். கட்டளை வரி கற்கிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. (அழிக்கும் கட்டளையை மங்கல் எழுத்தில் காட்டும்போது மட்டும் அம்பைத் தட்டுமுன் முழுதும் படித்துவிடுங்கள்.)

என் அமைப்புக் கோப்பில் இப்போது இருப்பது சில வரிகள்தான். 2025-இல் வந்த 4.0 பதிப்புக்காக ஃபிஷ்ஷை சி பிளஸ் பிளஸ்ஸிலிருந்து ரஸ்ட் மொழிக்கு மாற்றி எழுதினார்கள். அடித்தளமே மாறியும் அந்த வரிகளில் நான் கை வைக்க நேரவில்லை. புதிய மடிக்கணினிக்குப் போனாலும் ஷெல்லுக்காக மாலைப்பொழுதை இழக்க வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஃபிஷ்ஷின் இலக்கணம் வேறு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் சுற்றுக் கட்டளையை முடிக்கும் சொல்கூட பாஷில் ஒன்று, இங்கே வேறொன்று. பலவரிப் பத்தியை அப்படியே உள்ளே தள்ளும் ‘ஹியர்டாக்’ கிடையாது. பைத்தான் மொழி நிரல்களுக்கென்று தனியே ஒதுக்கும் மெய்நிகர் சூழலைத் தொடங்க வழக்கமான கோப்பு உதவாது. ஃபிஷ்ஷுக்கென்று பக்கத்திலேயே வைத்திருக்கும் கோப்பை அழைக்க வேண்டும். ஆனால் முதல் வரியில் பாஷ் என்று அறிவித்திருக்கும் ஸ்கிரிப்ட்களுக்கு (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகளுக்கு) எந்தப் பாதிப்பும் இல்லை, அவை பாஷிலேயே ஓடும். எழுதும் ஷெல்லும் ஓட்டும் ஷெல்லும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உபுண்டுவே 2006 முதல் கணினியின் உள் ஸ்கிரிப்ட்களை ‘டாஷ்’ என்ற சிறிய ஷெல்லில்தான் ஓட்டுகிறது.

நாள் முழுவதும் பத்துச் சர்வர்களில் ஏறி இறங்குவதே வேலை என்றால் பாஷிலேயே இருந்துவிடுங்கள். அத்தகைய வேலையில் ஃபிஷ் எப்படி இருக்கும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. சொந்தக் கணினியில் பழகுகிறவர் ஃபிஷ்ஷை நிறுவி, டெர்மினலில் அதன் பெயரை அடித்து உள்ளே போய்ப் பார்க்கலாம். ‘எக்ஸிட்’ என்று எழுதினால் பாஷ் திரும்பிவிடும். பிடித்துப்போனாலும் லாகின் ஷெல்லை, அதாவது கணினியில் நுழையும்போது நம் கணக்குக்கு இயங்கும் ஷெல்லை, மாற்றாதீர்கள். டெர்மினல் செயலியின் அமைப்பில் ஃபிஷ்ஷைத் திறக்கச் சொன்னால் போதும், கணினியின் மற்ற எதுவும் அசையாது.